கடற்கரை விமானத்தை எது தின்கிறது? டியு-142, மாருத், தும்பா: பராமரிப்பு இழை

அரக்கோணம்பக்கம் | 9 ஜனவரி 2024, இரவு 9.10

விசாகப்பட்டினம் ஆர்.கே. கடற்கரையில், குர்சுரா நீர்மூழ்கிக்கு எதிரே கடற்படையின் பழைய கண்காணிப்பு விமானம் டியு-142 நிற்கிறதே, அதை வைத்து ஒரு கேள்வி. பெயின்ட் பளிச்சென்று இருந்தால் உள்ளே விமானமும் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? மேலே ஒரு கூரை மட்டும் போட்டுவிட்டால் இன்னும் 50 வருஷம் அசையாது என்பது என் கணக்கு. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும். இன்னொன்று: அது அரக்கோணத்தில் பறந்த விமானம்தானா, கண்காட்சிக்கென்று தனியாக வாங்கியதா?

ரிவெட் | 9 ஜனவரி, இரவு 10.45

கடைசிக் கேள்வி சுலபம். அரக்கோணத்தில் பறந்ததுதான். 1988-இல் கோவா ஹன்சா தளத்துக்கு வந்தன, மொத்தம் 8. 1992-இல் அரக்கோணத்தில் ராஜாளி தளம் திறந்ததும் அங்கே குடியேறின. 2017 மார்ச் 29-இல் ஓய்வு. அதில் ஒன்றை விசாகப்பட்டினத்துக்குப் பறந்தே கொண்டுபோய் இறக்கி, பிரித்து, சாலை வழியாகக் கடற்கரைக்கு ஏற்றி வந்து மறுபடி பூட்டினார்கள். அந்த வருஷம் டிசம்பரில் திறப்பு. இறக்கை நுனியிலிருந்து நுனிக்கு 50 மீட்டர், நீளம் 53 மீட்டர், வெற்று எடையே 90 டன் அளவில். இதைச் சாலையில் கொண்டுபோனது தனிக் கதை.

மற்ற இரண்டும் தப்பு. பெயின்ட் எதையும் சொல்லாது. விமானம் வெளியிலிருந்து உள்ளே அழிவதில்லை, உள்ளிருந்து வெளியே அழிகிறது. பெயின்டுக்கு மேலே தெரியும்போது தகட்டின் பாதி போயிருக்கும்.

கூரை பற்றி நாளை.

ரிவெட் | 10 ஜனவரி, இரவு 8.30

கூரை. சுவர் இல்லாத வெறும் கூரை கடற்கரையில் பாதி நன்மை, பாதி கெடுதல். மழையைத் தடுக்கிறது, வெயிலைத் தடுக்கிறது, சரி. உப்புக்காற்றைத் தடுக்காது. திறந்தவெளியில் நிற்கும் விமானத்தின் முதுகில் படியும் உப்பை மழை கழுவிவிடும். கூரைக்கு அடியில் கழுவ ஆளில்லை, உப்பு ஏறிக்கொண்டே போகும். திறந்தவெளி விமானத்திலேயே இதைப் பார்க்கலாம்: முதுகு நன்றாக இருக்கும், வயிறு, இறக்கையின் அடிப்பக்கம், சக்கரக் குழி, மழை படாத இடமெல்லாம் முதலில் போகும்.

மழையே பெய்யாவிட்டாலும் ஈரம் வரும். சாதா உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரையும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். கிழக்குக் கடற்கரையில் எந்த இரவு 75-க்குக் கீழே இருக்கிறது? ஆக ராத்திரி முழுக்கத் தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம். காலையில் காயும், சாயங்காலம் மறுபடி நனையும். ஊறுகாய் ஜாடி மாதிரி.

எனவே கூரை போட்டால் கழுவுவதும் சேர்ந்தே வர வேண்டும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். அவ்வளவுதான்.

ரிவெட் | 10 ஜனவரி, இரவு 11.50

"அவ்வளவுதான்" என்று எழுதியது அவசரம். வடிதுளைகள் திறந்திருக்கின்றனவா என்று பார்க்காமல் கழுவினால் நாமே உள்ளே தண்ணீர் ஊற்றுகிறோம்.

விமானத்தின் வயிற்றுத் தகட்டிலும் இறக்கையின் அடிப்பக்கத்திலும் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். பெரும்பாலும் 6 முதல் 10 மி.மீ. உள்ளே சேரும் நீர் வடிய வைத்தவை. விமானம் பறந்தபோது அவற்றைப் பார்ப்பது தரைப் பணியாளர் வேலை. அருங்காட்சியகத்துக்கு வந்ததும் முதல் பெயின்டிலேயே பாதி அடைபடும். இரண்டாவது பெயின்டில் மீதி. பிறகு குளவி மண், பறவை இறகு, தூசி. உள்ளே குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே தேங்கும் நீருக்குப் போக வழி கிடையாது. இரண்டு மழைக்காலம் போதும்.

இன்னொரு சிக்கல்: அந்தத் துளைகள் விமானம் நிற்கும் கோணத்தை வைத்து இட்டவை. கம்பத்தில் மூக்கை உயர்த்தி, பறப்பது போலச் சாய்த்து ஏற்றினால் தாழ்வான இடம் மாறிப்போகும். பழைய துளை உயரத்தில் இருக்கும், நீர் வால் பக்கம் ஓடித் தேங்கும். கம்பத்தில் ஏற்றும்போதே புதிய தாழ்புள்ளிகளைக் கண்டுபிடித்துத் துளை போட வேண்டும். இதை யோசித்துச் செய்த கம்பங்கள் குறைவு. நாற்சந்திகளில் நிற்கும் விமானங்கள் வாலில்தான் முதலில் உப்புவதற்குக் காரணம் இதுதான்.

பழைய_ஹேங்கர் | 11 ஜனவரி, காலை 7.05

ரிவெட் சொல்வதோடு ஒத்துப்போகிறேன், ஒரு திருத்தம். "நல்ல தண்ணீர்" என்றால் கடற்கரையில் போர்வெல் தண்ணீர் நல்ல தண்ணீர் ஆகாது. டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு) மீட்டர் வைத்துப் பாருங்கள், 1000 தாண்டும் இடங்கள் உண்டு. முதல் கழுவலுக்கு மாநகராட்சித் தண்ணீர் போதும். கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணீர், டி.டி.எஸ். 50-க்குள். சின்னப் போர் விமானத்துக்கு 500 லிட்டர் தாராளம்.

பிரஷர் வாஷர் கூடவே கூடாது. தகட்டு இணைப்புகளுக்குள் உப்பையும் தண்ணீரையும் சேர்த்துத் திணித்துவிடும். சாதா ஹோஸ் பைப், கையால் ஸ்பாஞ்ச், காரமில்லாத சோப்பு. துணி சோப்பும் சோடாவும் அலுமினியத்தைக் கருக்கும்.

ரிவெட் | 11 ஜனவரி, இரவு 9.20

திருத்தம் சரி. கூடவே, கீழிருந்து மேலே சோப்பு போடவும், மேலிருந்து கீழே அலசவும். மேலிருந்து சோப்பு போட்டால் காய்ந்த தகட்டில் கோடு கோடாக இறங்கி அப்படியே நின்றுவிடும்.

அலுமினியம் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கையைப் பற்றிக் கொஞ்சம். சுத்த அலுமினியம் தாக்குப்பிடிக்கும். விமானத் தகடு சுத்த அலுமினியம் கிடையாது. பலத்துக்காகச் செம்போ துத்தநாகமோ கலந்தது. மேற்கில் 2024, 7075 என்பார்கள். ரஷ்ய விமானங்களில் அதன் உறவினர்கள் டி-16, வி-95. உலோகக்கலவை பலமாக ஆக, அரிப்புக்கு இளப்பமாகும். தகடாக இருந்தால் மேலே சுத்த அலுமினியம் மெல்லிய தோலாக ஒட்டியிருக்கும். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறேன் என்று கிளம்புபவர்கள் அந்தத் தோலைத்தான் உரிக்கிறார்கள். கெட்டியான சட்டங்களில் அந்தத் தோலும் கிடையாது. அரிப்பு அங்கே குறுணைகளுக்கு நடுவே ஊடுருவி, உலோகம் தாள் தாளாக உப்பிப் பிரியும். பரோட்டாவைத் தட்டினால் அடுக்கு பிரியுமே, அதே மாதிரி. அந்த நிலைக்கு வந்த சட்டத்துக்கு மருந்து இல்லை. வெட்டி எடுத்து வேறு வைக்க வேண்டும்.

மெக்னீசியம் இன்னும் மோசம். சக்கர நடுவம், கியர்ப் பெட்டி ஓடு, சில கைப்பிடிகள், அந்தக் காலத்து விமானங்களில் இவை மெக்னீசிய வார்ப்பு. கடற்கரையில் முதலில் கரைவது இதுதான். சாம்பல் நிறத்தில் கொப்புளம் எழும்பி, சுண்ணாம்பு போல உதிரும். அதைக் கிரைண்டரால் தேய்த்தால் தூள் தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றி அணைக்க முயன்றால் இன்னும் எரியும். காய்ந்த மணல் வாளி பக்கத்தில் இல்லாமல் தொட வேண்டாம்.

அரக்கோணம்பக்கம் | 12 ஜனவரி, இரவு 8.00

சரி, கூரையை விட்டுவிட்டேன். ஆனால் இரும்பு ஆணி விஷயம் கேள்விப்பட்டேன். காணாமல் போன ஸ்குருவுக்கு பதிலாகக் கடையில் கிடைக்கும் எஸ்.எஸ். ஸ்குரு போட்டால் நல்லதுதானே? துருப்பிடிக்காது.

ரிவெட் | 12 ஜனவரி, இரவு 8.25

ஸ்குரு துருப்பிடிக்காது. அதைச் சுற்றியுள்ள தகடு போய்விடும். உப்பு ஈரத்தில் எவர்சில்வரும் அலுமினியமும் தொட்டால் அது ஒரு பேட்டரி, கரைவது அலுமினியம்தான். அதனால்தான் அசல் ஆணிகளுக்குக் காட்மியம் பூச்சு இருந்தது. அந்தப் பூச்சு வெள்ளைத் தூளாக உதிர்ந்தால் ஊதவோ வெறுங்கையால் துடைக்கவோ வேண்டாம், காட்மியம் நஞ்சு. எஸ்.எஸ்.தான் போட்டாக வேண்டும் என்றால் சீலண்டில் தோய்த்து ஈரமாகவே முறுக்குங்கள், அடியில் நைலான் வாஷர். ஸ்டீல் கம்பளியால் தேய்ப்பதும் இதே பாவம்: இரும்புத் துகள் தகட்டில் பதிந்து, ஒவ்வொன்றும் ஒரு குட்டிப் பேட்டரி ஆகும்.

கவுண்ட்டவுன் | 14 ஜனவரி, மதியம் 2.15

போகிக்குப் பழையதைக் கொளுத்துகிற நாளில் பழையதைக் காக்கும் பேச்சு. நடக்கட்டும்.

விமானக்காரர்களே, பெங்களூரு எச்.ஏ.எல். அருங்காட்சியகம் போல விமானமும் விண்வெளியும் ஒரே வளாகத்தில் இருக்கும் இடங்களில் ராக்கெட் பக்கத்தை யாரும் பேசுவதில்லை. "ராக்கெட்டின் இரும்பு மாரேஜிங் ஸ்டீல், 18 சதவீதம் நிக்கல், அதனால் துருப்பிடிக்காது" என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தது. தவறு. எவர்சில்வரைக் காப்பது குரோமியம்; மாரேஜிங் எஃகில் அது இல்லை. பி.எஸ்.எல்.வி.யின் முதல் கட்டக் கூடு எம்-250 மாரேஜிங் எஃகு. பெயின்ட் கீறினால் சாதா இரும்பு போலவே சிவக்கும். அதற்கு முந்தைய எஸ்.எல்.வி.-3-இன் முதல் கட்டம் 15-சி.டி.வி.-6 என்ற வேறு எஃகு. அதன் மேல் இரண்டு கட்டங்கள் கண்ணாடியிழை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

கண்ணாடியிழைக்கு எதிரி வெயில். மேலே இருக்கும் பிசின் மஞ்சளித்துத் தூளாகி, இழை வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். தொட்டால் கை அரிக்கும். அந்த நிலையில் தேய்க்காமல், ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, எப்பாக்சி ஒரு பூச்சு, மேலே வெயில் தாங்கும் பாலியூரித்தேன். எப்பாக்சியோடு நிறுத்தினால் ஒரே கோடையில் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகும்.

ராக்கெட்டின் எரிவாயு வெளியேறும் குழல்வாய்தான் நாசில். அதன் தொண்டையைச் சுத்தம் செய்யவே கூடாது. கிராஃபைட்டோ கார்பன் பினாலிக்கோ இருக்கும். எரிந்து அரித்த தடமே அதன் வரலாறு. பாலிஷ் போட்டு "புதிதாக்கிய" நாசில் வெறும் பூந்தொட்டி.

ரிவெட் | 15 ஜனவரி, இரவு 7.40

பூந்தொட்டி சரி. பெயின்ட் விஷயத்தில் ஒன்று. எப்பாக்சிக்கு அடியில் பழைய விமானங்களில் மஞ்சள் பச்சையாக ஒரு பிரைமர் இருக்கும், துத்தநாக குரோமேட். புற்றுநோய் தருவது. காய்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது. நனைத்துத் தேய்த்து, சகதியைத் துணியில் எடுத்துத் தனிப் பையில் கட்ட வேண்டும். மூக்குக்குக் கைக்குட்டை போதாது, வடிகட்டி வைத்த மாஸ்க்.

பழைய_ஹேங்கர் | 17 ஜனவரி, காலை 6.50

எச்.ஏ.எல். செய்த போர் விமானம் ஹெச்.எஃப்.-24 மாருத் பக்கம் வருவோம். ஜெர்மன் பொறியாளர் குர்ட் டாங்க் வடிவமைத்து 1961 ஜூன் 17-இல் முதலில் பறந்தது. 147 செய்தார்கள். பெங்களூரில் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்திலும், மும்பை நேரு அறிவியல் மையத்திலும், ஜெர்மனியில் டாய்ச்சஸ் மியூசியத்திலும் நிற்பதால் இதைப் பற்றி நிறையப் பேருக்கு உபயோகம்.

மாருத்தின் மூக்கில் நான்கு 30 மி.மீ. ஏடன் பீரங்கிகள், ஒன்று 87 கிலோ. பின்னால் இரண்டு ஆர்ஃபியஸ் 703 என்ஜின், ஒன்று ஏறத்தாழ 380 கிலோ. கண்காட்சிக்குக் கொடுக்கும்போது பீரங்கியைக் கழற்றித்தான் கொடுப்பார்கள். என்ஜின் உள்ளேயே இருந்தால் மூக்கில் 350 கிலோ குறைந்து எடை பின்னால் போகும். அதோடு பின்பக்கம் ஏணி வைத்து இரண்டு பேர் ஏறினால் மூக்குச் சக்கரம் தரையிலிருந்து எழும்பும். என்ஜினையும் கழற்றிவிட்டால் நேர்மாறு: மூக்குச் சக்கரத்தின் மேல் பாரம் ஏறி அதன் டயர் சப்பையாகும்.

ஆகவே எதைக் கழற்றினாலும் எடை, இருந்த இடம் இரண்டையும் எழுதி வையுங்கள். கம்பத்தில் ஏற்றும் இன்ஜினியருக்கு அந்தத் தாள் இல்லாவிட்டால் பழைய கையேட்டின் ஈர்ப்பு மையத்தை எடுத்துக்கொள்வார், அது பறக்கும் விமானத்தினுடையது.

ரிவெட் | 17 ஜனவரி, இரவு 10.05

"என்ஜினைக் கழற்றுங்கள், எடை குறையும்" என்றுதான் நானும் பல இடத்தில் சொல்லிவந்தேன். இனி இந்த நிபந்தனையோடுதான் சொல்ல வேண்டும். டியு-142-க்கும் இதே. அதன் என்.கே.-12 என்ஜின் ஒவ்வொன்றும், எதிரெதிராகச் சுழலும் இரண்டு சுழலிகளைச் சேர்க்காமலே, கிட்டத்தட்ட 3 டன். நான்கும் இறக்கையில் தொங்குகின்றன. கழற்றினால் இறக்கையின் தொய்வே மாறும்.

தரையில் நிற்க வைக்கும்போது டயரை நம்ப வேண்டாம். ரப்பர் வெயிலில் வெடிக்கும், ஒரு பக்கம் சப்பையானால் முழு உடலும் முறுக்கிக்கொள்ளும். ஜாக் வைக்கும் இடங்களில் எஃகுத் தூண், டயர் தரையைத் தொடுவது போல ஒரு காகித இடைவெளியில். ஓலியோவிலுள்ள (சக்கரக் காலின் அதிர்வுதாங்கி) நைட்ரஜனை மெதுவாக விட்டுவிட்டு, பளபளக்கும் தண்டைச் சுற்றி இரண்டு பாதி வளையமாக எஃகுக் குழாய் பூட்டவும். இல்லாவிட்டால் சீல் ஒழுகி ஒரு கால் இறங்கும்.

ஆள் சாகும் இடம் இது: இரண்டு பாதியாகச் சேர்த்து போல்ட் போட்ட சக்கரத்தை, டயரில் காற்றிருக்கும்போது கழற்றக் கூடாது. கடைசி இரண்டு போல்ட் மீதி இருக்கையில் சக்கரம் குண்டு மாதிரி பிளக்கும். முதலில் வால்வ் ஊசியை எடுத்து, காற்று முழுக்கப் போய்விட்டதைக் கையால் உறுதி செய்து, அப்புறம் ஸ்பானர்.

அரக்கோணம்பக்கம் | 18 ஜனவரி, இரவு 9.00

இனி எந்த விமானத்தின் பக்கத்திலும் போகவே பயமாக இருக்கிறது.

ரிவெட் | 18 ஜனவரி, இரவு 9.30

இன்னும் காக்பிட்டுக்கே வரவில்லை.

எஜெக்‌ஷன் இருக்கை. ஆபத்தில் விமானியை வெளியே எறிவது. கிரண் பயிற்சி ஜெட், மாருத் இரண்டிலும் மார்ட்டின்-பேக்கர் நிறுவனத்தது. மிக்-21-இல் ரஷ்யாவின் கே.எம்.-1. இருக்கையை மேலே தள்ளும் பிரதான வெடிதோட்டா, துணைத் தோட்டாக்கள், பாராசூட்டை இழுக்கும் குட்டித் துப்பாக்கி, நேரக்கணிப்பு விடுவிப்பான், கனோபியை (காக்பிட்டின் மேல்மூடி) தள்ளும் தோட்டா, இவ்வளவும் தனித்தனி. "பிரதானத்தை எடுத்துவிட்டோம்" என்றால் போதாது. ஒவ்வொன்றையும் ஆயுதப் பிரிவு ஆள் எடுத்து, கூட்டில் துளை போட்டு, எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அந்தத் தாள் இல்லாத விமானத்தில் குழந்தையை உட்கார வைத்துப் படம் எடுக்க விடக் கூடாது. சிவப்பு நாடா தொங்கும் பூட்டு ஊசி (பின்) இருப்பதால் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். பின்னை யார் வேண்டுமானாலும் உருவலாம். கான்பெரா குண்டுவீச்சு விமானம் போன்றவற்றில் என்ஜினைக் கிளப்பவே வெடிதோட்டா உண்டு. தீயணைப்பு பாட்டில், ஆக்சிஜன் பாட்டில், ஹைட்ராலிக் தேக்கியில் அடைத்த நைட்ரஜன், எல்லாம் காலி செய்த பிறகுதான் திறப்பு விழா.

அடுத்தது முள் மீட்டர்கள். 1940-கள், 50-களின் மீட்டர்களில் இருட்டில் தெரிய ரேடியம் பூசியிருக்கும். "இப்போது ஒளிரவில்லை, வீரியம் போய்விட்டது" என்பது ஆபத்தான தவறு. செத்தது ஒளிரும் துத்தநாக சல்பைடு. ரேடியம்-226-இன் அரை ஆயுள் 1600 வருஷம். கண்ணாடி உடையாதவரை வெளியே பெரிய தொல்லை இல்லை. உடைந்தால் அந்தப் பூச்சு தூளாகி மூச்சில் போகும். கழற்றிச் சுத்தம் செய்வது கிடையாது. கதிர் அளவி வைத்துப் பார்த்து, அதிகம் இருந்தால் உள்ளதை உள்ளபடி மூடி, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வழிமுறைப்படி. அலமாரியில் வைத்தால் காற்றோட்டம் வேண்டும், ரேடான் சேரும்.

ரிவெட் | 18 ஜனவரி, இரவு 11.10

கனோபி விட்டுப்போச்சு. அது கண்ணாடி இல்லை, பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக். வீட்டுக் கண்ணாடி துடைக்கும் நீல திரவத்தில் அம்மோனியா இருக்கும். ஸ்பிரிட், தின்னர் எதுவும் ஆகாது. மயிரிழை விரிசல் வலை பின்னும், பிறகு திரும்பாது. நிறையத் தண்ணீர், வெறுங்கை, வட்டமாக இல்லாமல் நேர்கோட்டில். மூடுவதற்கு வெள்ளைப் பருத்தித் துணி உறை. பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டால் உள்ளே வியர்க்கும். மூடிய காக்பிட் சித்திரை வெயிலில் 60 டிகிரி தாண்டும், ரப்பரும் தோலும் பிசுபிசுக்கும். எலி நுழையாத அளவு வலை அடித்து ஒரு சின்னக் காற்றுவழி விடலாம்.

கவுண்ட்டவுன் | 3 பிப்ரவரி, மாலை 6.30

பெயர்ப் பலகைப் பராமரிப்பும் பராமரிப்புதான். இந்திய விண்வெளி பற்றிய பலகைகளில் திரும்பத் திரும்ப வரும் தவறு: சைக்கிள், மாட்டுவண்டி இரண்டையும் ஒரே கதையாக்குவது.

சைக்கிள் கதை திருவனந்தபுரம் பக்கத்து ராக்கெட் ஏவுதளமான தும்பாவுடையது. 1963 நவம்பர் 21-இல் அங்கிருந்து பறந்த முதல் ராக்கெட் அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி. சைக்கிளில் பாகம் போன படங்கள் அந்தத் தொடக்கக் காலத்தவை. புனித மேரி மக்தலேனா தேவாலயம்தான் அலுவலகமும் பட்டறையும். இன்று அதே கட்டடம் விண்வெளி அருங்காட்சியகம்.

மாட்டுவண்டி 1981. ஏறியிருந்தது ஆப்பிள் என்ற தகவல் தொடர்புச் செயற்கைக்கோள். வண்டி இல்லாத ஏழ்மை காரணமில்லை. ஆன்டெனா சோதனைக்கு உலோகம் குறைந்த, அலைகளைத் திருப்பி அடிக்காத மேடை தேவைப்பட்டது. மரவண்டி அதற்குத் தோது. ஆப்பிள் 1981 ஜூன் 19-இல் ஐரோப்பாவின் ஏரியான் ராக்கெட்டில் போனது. நடுவே 18 வருஷம். "ஏழை நாடு, ராக்கெட்டை மாட்டுவண்டியில் இழுத்தது" என்று எழுதுகிறவர்கள் இரண்டு கதையையும் குழப்புகிறார்கள்.

பலகையில் இன்னொன்றும் போடுங்கள்: அசலா, மாதிரியா, சோதனைக்குச் செய்து பறக்காததா. நிற்க வைத்த பெரிய ராக்கெட் பெரும்பாலும் மாதிரி. அது அவமானமில்லை. சொல்லாமல் விடுவதுதான்.

பழைய_ஹேங்கர் | 4 பிப்ரவரி, காலை 7.20

பலகை என்றதும்: 312-ஆம் கடற்படை விமான அணியை யாராவது ஒரே படமாகப் போட்டால் நன்றாக இருக்கும். 1976-இல் சூப்பர் கான்ஸ்டலேஷனோடு தொடங்கியது. ஏர் இந்தியாவில் பயணிகளைச் சுமந்து, பிறகு விமானப்படைக்குப் போய், கடைசியில் கடற்படைக்கு வந்தவை அவை. அதில் ஒன்று இன்று கோவா கடற்படை விமான அருங்காட்சியகத்தில். அடுத்து 1988-இல் டியு-142, அதில் ஒன்று விசாகப்பட்டினத்தில். இப்போது பி-8ஐ, அரக்கோணத்தில் பறந்துகொண்டிருக்கிறது. மூன்று தலைமுறையும் பார்க்கக் கிடைக்கும் அணிகள் நிறைய இல்லை.

அரக்கோணம்பக்கம் | 4 பிப்ரவரி, இரவு 8.15

மூன்றாவது எங்கள் மொட்டைமாடியிலிருந்தே தெரியும், டிக்கெட் கிடையாது. புயல் பற்றி யாரும் சொல்லவில்லையே. 2014 ஹுட்ஹுட் அதே விசாகப்பட்டினத்தில்தானே கரை கடந்தது?

ரிவெட் | 5 பிப்ரவரி, இரவு 9.50

90 டன் விமானத்தைக் காற்று தூக்காது. தளர்ந்த மூடிகள், சுக்கான், ஏலரான் (இறக்கையின் பின்விளிம்பில் ஆடும் தகடு) இவைதான் ஆடி ஆடிக் கீல் உடையும். அவற்றை மரப்பூட்டு போட்டு நிறுத்த வேண்டும். காற்று தூக்குவது சின்னதை.

கணக்கு: ஹெச்.டி.-2 பயிற்சி விமானம். 1951-இல் முதலில் பறந்தது, வெற்று எடை சுமார் 700 கிலோ, இறக்கைப் பரப்பு சுமார் 16 சதுர மீட்டர். மணிக்கு 180 கி.மீ. காற்று என்றால் விநாடிக்கு 50 மீட்டர். அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு 1500 நியூட்டன், அதாவது சுமார் 153 கிலோ எடை. தூக்குக் கெழு (அந்த அழுத்தம் எவ்வளவு தூக்கும் விசையாகிறது என்ற எண்) 1 என்று வைத்தால் 16 × 153 = 2450 கிலோ மேல்நோக்கி. 700 போக மீதி 1750 கிலோவைக் கயிறு தாங்க வேண்டும். முக்கால் மீட்டர் கனசதுர கான்கிரீட் கட்டி ஒன்று சுமார் 1 டன். இறக்கைக்கு ஒன்று வீதம் இரண்டு போட்டால் நூலிழையில் தப்பும். வாலுக்கும் ஒன்று.

ரிவெட் | 6 பிப்ரவரி, காலை 6.15

ராத்திரி யோசித்ததில் ஒரு எளிய வழி. ஹெச்.டி.-2 வால்சக்கர விமானம். நிற்கும்போதே மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். கெழு 1 வருவதே அந்தச் சாய்வால்தான். வாலைத் தாங்கியில் உயர்த்தி உடலைக் கிடைமட்டமாக்கினால் தூக்கம் பாதிக்கும் கீழே இறங்கும். இறக்கையின் முன்விளிம்புக்குச் சற்றுப் பின்னால், நீளவாக்கில் இரண்டு அங்குல உயர மரச்சட்டம் கட்டிவிட்டால் காற்றோட்டம் முறிந்து இன்னும் குறையும். சட்டத்துக்கு அடியில் ஃபெல்ட் துணி. இவ்வளவும் புயல் எச்சரிக்கை வந்த அன்று அரை நாளில் செய்யலாம். கான்கிரீட் கட்டி அப்போதும் வேண்டும்.

நைலான் கயிறு நனைந்தால் நீளும், விமானம் குதிக்கத் தொடங்கும். பாலியெஸ்டர் கயிறோ பட்டையோ நல்லது.

("தூக்கம்" என்று மேலே எழுதியது உறக்கம் இல்லை, தூக்கும் விசை. விமானத்துக்கு உறக்கம் பாதியாகவில்லை, எனக்குத்தான்.)

பழைய_ஹேங்கர் | 6 பிப்ரவரி, காலை 8.40

பழைய இரும்புக்கடையாகக் கிடந்ததையெல்லாம் இவ்வளவு சிரமப்பட்டு வைக்க வேண்டுமா என்பவர்களுக்கு லிபரேட்டரைக் காட்டலாம். இரண்டாம் உலகப்போர் முடிந்து போன பிரிட்டிஷ் விமானப்படையினர், கான்பூரில் பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைச் சிதைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். எச்.ஏ.எல். ஆட்கள் அங்கேயே ஒன்றிலிருந்து பாகம் எடுத்து இன்னொன்றைப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, பெங்களூருக்குப் பறந்தே கொண்டுபோய், 40-க்கும் மேற்பட்டவற்றை முழுதாகச் செப்பனிட்டார்கள். விமானப்படை 1968 வரை பறக்கவிட்டது. லண்டன் ஹெண்டன், அமெரிக்காவின் பிமா, கனடாவின் ஒட்டாவா அருங்காட்சியகங்களில் இன்று நிற்கும் லிபரேட்டர்கள் இங்கிருந்து போனவை. உலகத்தில் அந்த ரகம் மிஞ்சியதில் நம் குப்பைமேட்டுக்குப் பெரிய பங்கு.

ரிவெட் | 6 பிப்ரவரி, இரவு 10.30

அந்தக் கதை பிடித்ததுதான், ஆனால் ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றுக்குப் போடுவதை இன்றைக்கு அருங்காட்சியகம் செய்தால் ஒவ்வொரு பாகத்தின் தொடர் எண்ணையும் எழுதி வைக்கட்டும். பெயின்ட் உரிக்கும் முன்பும் அப்படியே: வாலெண், அணிச் சின்னம் எல்லாவற்றையும் பாலியெஸ்டர் தாளில் படியெடுத்து, அளவுகோல் வைத்துப் படம். ஓரிடத்தில் ஓர் உள்ளங்கை அளவு பழைய பெயின்டை அப்படியே விட்டுவைக்கவும். இன்னோர் இடத்தில் மெல்லிய உப்புத்தாளால் வட்டமாகத் தேய்த்தால் மரத்தின் வளையம் போல ஒவ்வொரு காலத்து நிறமும் தெரியும். மேலே மேலே அடித்துக்கொண்டே போவது ஒரு வகையில் காப்பு, இன்னொரு வகையில் மூடிமறைப்பு. அரிப்பின் மேல் அடித்த பெயின்ட் அரிப்புக்குப் போர்வை.

அரக்கோணம்பக்கம் | 11 அக்டோபர் 2024, இரவு 8.50

பழைய இழையைத் தோண்டியதற்கு மன்னிக்கவும். பள்ளி வளாகம் ஒன்றில் நிற்கும் சின்ன ஜெட் விமானத்துக்கு அடியில் குனிந்து பார்த்தேன். வயிற்றில் ஒரு வரிசை ஆணிகளைச் சுற்றி வெள்ளைத் தூள், அதிலிருந்து பின்பக்கமாகக் கருங்கோடு. பெயின்ட் போன வருஷம் அடித்ததாம். வடிதுளையே கண்ணில் படவில்லை. மழை வேறு தொடங்கப்போகிறது.

ரிவெட் | 11 அக்டோபர், இரவு 9.15

கருங்கோடு என்றால் ஆணி துளைக்குள் ஆடுகிறது. வெள்ளைத் தூள் உள்ளே நீர் நிற்பதற்கு அடையாளம். தட்டிப் பாருங்கள்: ஸ்குருடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் வயிற்றுத் தகட்டில் மெதுவாக. மற்ற இடத்தில் கணீரென்றும் அங்கே மட்டும் மத்தென்றும் கேட்டால் அந்தச் சட்டத்துக்கு நடுவில் சேறு தேங்கியிருக்கிறது.

துளை இருக்கும், பெயின்டுக்கு அடியில். சாய்ந்த வெளிச்சத்தில் டார்ச் பிடித்தால் சின்னக் குழி தெரியும். மரக்குச்சியால் பெயின்டைக் குத்தி எடுக்கவும்.

ரிவெட் | 11 அக்டோபர், இரவு 9.40

குத்தும்போது நேர் அடியில் முகத்தை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம். பல மழைக்காலத் தண்ணீர், பழைய ஹைட்ராலிக் எண்ணெயோடு சேர்ந்து வரும். வாளி வைக்கவும், மண்ணில் விட வேண்டாம்.

அரக்கோணம்பக்கம் | 13 அக்டோபர், மாலை 5.30

அனுமதி வாங்கி மூன்று துளை கண்டுபிடித்தோம். இரண்டு திறந்து வடிந்தது, ஒன்றரை வாளி. மூன்றாவது உள்ளே ஏதோ கெட்டியாக அடைத்திருக்கிறது. சைக்கிள் கம்பி விட்டுக் குடையலாமா?

ரிவெட் | 13 அக்டோபர், மாலை 5.42

கம்பி வேண்டாம், துளை விளிம்பின் பூச்சைக் கீறிவிடும். பிளாஸ்டிக் கேபிள் டை, 30 செ.மீ. நீளமுள்ளது. கெட்டியாக இருப்பது அநேகமாகக் குளவிக் கூடு; வெந்நீரில் கொஞ்சம் ஊறவிட்டுக் குத்தினால் கரைந்து வரும். குடியிருப்பவர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துக் குத்தவும்.